இணைப்பு 3: தேனிலவு, மணாலி

எங்கள் கல்யாணம் உண்மையானதுதானா என்று கரோலின் வேலை பார்க்கும் குளிர்நாட்டில் ஓர் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. அழைப்பிதழைப் பார்த்தேன், கோயில் பதிவேட்டின் நகலைப் பார்த்தேன், நன்றி என்று தொடங்கியது. பிறகு விஷயத்துக்கு வந்தது. திருமண நாளுக்குப் பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்திருக்கும் ஒரு புகைப்படம்கூட இல்லை. திருமணப் படங்கள் எதிலும் கணவர் மனைவியைப் பார்க்கவில்லை. தொலைபேசிப் பட்டியலில் இரண்டு மணி நேர அழைப்புகள் நிறைய இருக்கின்றன; ஆனால் இந்தப் பத்து மாதங்களில் இருவரும் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் நாற்பத்தொன்று, அவற்றில் முப்பது 'சரி'. இருபத்தெட்டு நாட்களுக்குள் கூடுதல் ஆதாரம் தரவேண்டும். தராவிட்டால் கணவரின் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்படும். நிராகரித்தால் இன்னும் இரண்டு வருடமாவது அவள் அங்கே, நான் இங்கே.

அதிகாரி எண்ணியது சரிதான். நானும் எண்ணிப் பார்த்தேன்.

நான் புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் நூலகன். பேசாதீர்கள் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். கரோலின் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். அங்கேயும் யாரும் சத்தம் போடுவதில்லை. எங்கள் கோயில் ஃபாதர் பேசி முடித்த சம்பந்தம் இது. பெண் பார்க்கப் போன அன்று எங்கள் இருவரையும் ஓர் அறையில் இருபது நிமிடம் உட்காரவைத்தார்கள். நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து இருவருமே சம்மதம் என்றோம். ஜனவரியில் கல்யாணம், மார்ச்சில் அவள் கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் போன். அவள் துணி மடிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். நான் பக்கம் புரட்டும் சத்தம் அவளுக்குக் கேட்கும். இதை எந்த விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நவம்பரில் ஒன்பது நாள் விடுப்பில் வந்தாள். கெடு முடிவது அவள் விமானம் ஏறும் நாளன்று.

கரோலினின் அப்பா மனுவேல், கன்டோன்மென்டில் ஓர் அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் இருந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். ஒரு காகிதம் குறைகிறது என்றால் அந்தக் காகிதத்தை உண்டாக்கிவிடுவார். வேறு வைத்தியம் அவருக்குத் தெரியாது. கடிதத்தை இரண்டு முறை படித்தார், அடிக்கோடிட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மாப்ள, கல்யாணத்துல பிரச்சினை இல்ல. ஃபைல்லதான் பிரச்சினை."

"சரி மாமா."

"ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவுல நீங்க ரெண்டுபேரும் எங்கெல்லாம் போனீக?"

நானும் கரோலினும் யோசித்தோம். ஒரு தடவை கேம்ப்பில் செருப்பு வாங்கப் போனோம்.

"தேனிலவு?"

"எனக்கு சளி பிடிச்சிருந்துச்சு டாடி," என்றாள் கரோலின்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மகன் அலன்தான் வழி சொன்னான். ஹிஞ்ஜேவாடியில் கம்ப்யூட்டர் வேலை, வாகட்டில் வாடகை ஃபிளாட், புனேயில் பிறந்து வளர்ந்த தமிழ்.

"டாடி, லோனாவ்ளா தாண்டி ஒரு தீம் பார்க் இருக்கு. உள்ள ஸ்னோ ரூம் இருக்கு, ஃபோர்ட் இருக்கு, பீச் இருக்கு. மணாலி, ராஜஸ்தான், கோவா, சப் குச், எல்லாமே ஒரே டிக்கெட்."

மாமா கண்ணைத் திறந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஓய்வூதிய நிலுவை வந்த அன்று.

கரோலினின் அம்மா எல்சி அத்தைக்கு மட்டும் உறுத்தியது. "பொய்யில்லா இது? ஞாயித்துக்கிழமை பூசைல நன்மை அப்பம் வாங்கணும் நான்."

"பொய் இல்ல எல்சி. நடந்திருக்க வேண்டியதுதான். இவங்க போகல, அவ்வளவுதான். நாம அதைச் சரிபண்ணுதோம்."

அன்றே பட்டியல் தயாரானது. ஆளுக்கு ஐந்து செட் உடுப்பு. ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் இடம், ஒரு தேதி. எல்லாம் பிப்ரவரிக்குள், கரோலின் இந்தியாவில் இருந்த நாட்களுக்குள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். புகுமுத்திரை, வெளிமுத்திரை, அலனின் அலுவலக விடுமுறை, எல்லாம் பொருந்தின. அவர் பிசகு விடமாட்டார் என்பதில் எங்கள் எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது.

குடும்பம் இந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதற்கும் ஆதாரம் வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்ததால், எல்லாப் படத்திலும் மாமாவும் அத்தையும் நிற்பதென்று முடிவாயிற்று.

"தேனிலவுலயுமா?" என்றாள் கரோலின்.

"தேனிலவுலதான் முக்கியம்," என்றார் மாமா.

சனிக்கிழமை காலை அலனின் காரில் போனோம். மலை இறங்கும்போது அத்தை ஜெபமாலை சொன்னாள். பின்னால் இரண்டு பெட்டி நிறைய உடுப்பு. பார்க் வாசலில் பைகளைச் சோதிக்கும் ஆள் முதல் பெட்டியைத் திறந்து, அத்தையின் பட்டுப்புடவையையும் கம்பளிச் சட்டையையும் கடற்கரைத் தொப்பியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"காய் காகா, லக்னாலா சால்லாத் கா?"

கல்யாணத்துக்கா போகிறீர்கள் என்று மராத்தியில் கேட்டான். மாமாவும் மராத்தியிலேயே, ஆமாம், கல்யாணத்துக்குத்தான் என்று பதில் சொன்னார். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். அத்தையின் எலுமிச்சம்பழச் சாதத்தைப் பறிமுதல் செய்துவிட்டு உடுப்புகளை உள்ளே விட்டார்கள்.

அங்கேயே எங்கள் ஐந்துபேரின் வலது மணிக்கட்டிலும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி ஒட்டினார்கள். ஆரஞ்சு நிறம். வெயிலில் கண் கூசும். மேலே பார்க்கின் பெயர், அதன் கீழே கட்டைவிரல் அகலத்தில் அன்றைய தேதி. இதைக் கழற்றினால் எந்த விளையாட்டிலும் ஏற்றமாட்டோம், வெளியே அனுப்பிவிடுவோம் என்று ஆள் எச்சரித்தான். மாமா அதை ஆணையாக எடுத்துக்கொண்டார். ஒரு நாட்டின் குடியேற்றத் துறையை ஏமாற்றக் கிளம்பியவர், வாசல்காவலாளியின் விதியை மீற நினைத்தும் பார்க்கவில்லை. அரைமணிக்கொரு தடவை எங்களை வரிசையாக நிற்கவைத்து, "பட்டை இருக்கா, பட்டை இருக்கா" என்று ஒவ்வொரு கையாகப் பார்த்தார்.

முதல் செட் வாகட் விருந்து. அலன் வீட்டில் சாப்பிட்டதாகக் கணக்கு. உணவகத்தின் சுவரோரம் நாற்காலி போட்டு எடுத்தோம். படம் எடுப்பதற்கு அலன் நீளமான ஒரு குச்சியும், தானாகப் படம் எடுக்கும் மூன்றுகால் சாதனமும் கொண்டுவந்திருந்தான்.

"அத்தான், ஸ்மைல் கரோ. பாஸ்போர்ட் போட்டோ இல்ல இது."

"மாப்ள, அவளைப் பாருங்க," என்றார் மாமா. "அந்த ஆபீசர் அதைத்தான் எழுதியிருக்கான்."

பார்த்தேன். கரோலினும் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் கூச்சம் தாங்கவில்லை.

"ஏட்டி, ஏன் தலையைக் குனியுத? பிரேத விசாரணைக்கா வந்திருக்க? கையப் பிடிங்க. அப்படி இல்ல, முன்னால கொண்டுவாங்க. கை தெரியணும். எல்லாப் படத்துலயும் கை தெரியணும்."

இரண்டாவது செட் தேனிலவு. பனி அறை. குளிருக்குப் பழைய மேலங்கி வாடகைக்குக் கொடுத்தார்கள். யாரோ பன்னிரண்டு வயதுப் பையனுக்குத் தைத்தது எனக்கு வந்தது. கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. இயந்திரம் மேலிருந்து நுரைபோல எதையோ உதிர்த்தது. மாமா மஃப்ளர் கட்டிக்கொண்டு எங்களுக்குப் பின்னால், மணாலியில் நிற்பவராக நின்றார். அத்தை என் மறுபக்கத்தில். என் தேனிலவில் என் தோளைப் பிடித்திருந்தது மாமியார்தான்.

"கையை முன்னால," என்றார் மாமா.

முன்னால் கொண்டுவந்தேன். வெள்ளைவெளேரென்ற பனியில் ஆரஞ்சுப் பட்டை நெருப்பு வைத்ததுபோல இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். என் கையில் ஒன்று, கரோலின் கையில் ஒன்று, மாமா கையில் ஒன்று, அத்தை கையில் ஒன்று. எல்லாவற்றிலும் நவம்பர் பதினைந்து.

சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். மாமா, பட்டை. இரண்டே சொல். ஒரு கைக்குட்டையைச் சுற்றி மறைத்திருக்கலாம். முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். அலன் "ஸ்மைல்" என்றான். மூடிக்கொண்டேன்.

மூன்றாவது செட்டில் ராஜஸ்தான் கோட்டை. நான்காவதில் கோவா. செயற்கை அலை ஒவ்வொரு முறை சங்கு ஊதும்போதும் வந்தது. அத்தை புடவையோடு கணுக்கால்வரை இறங்கி, "தண்ணி உப்பே இல்லையே" என்று குறைப்பட்டாள். ஒவ்வொரு இடத்திலும் நான் சொல்லவில்லை. முதலில் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு அது ருசியாகிவிட்டது. இந்த மொத்தப் பரபரப்பில் விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற ருசி. புத்தகம் படிக்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. அடுத்தவன் குழியில் விழப்போவது தெரிந்தால் கையை நீட்டமாட்டார்கள். மனசுக்குள் ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வார்கள். ஆனால் இங்கே விழப்போவது நானும்தான். அதை ஏன் நினைக்கவில்லை என்று அன்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் அலனின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அதைச் செருகிவைக்க இடம் தேடி மூவரும் போனார்கள். நானும் கரோலினும் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு வடாபாவ். எங்கோ உயரத்தில் ஜனங்கள் தலைகீழாகத் தொங்கி அலறிக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் நாங்கள் பேசவில்லை. அவள் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த அரைமணியை அதிகாரி பார்த்திருந்தால் விசாவைக் கையோடு கொடுத்திருப்பார் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை கரோலின் என் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று நாள் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. போனில் இருப்பது ஆவணம் ஆகாது என்பது அவர் கொள்கை. அறுபத்துநாலு படங்களைத் தேர்ந்தெடுத்து, கேம்ப்பில் தெரிந்த ஸ்டூடியோவில் இரண்டு பிரதி அச்சிடக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் தனி பிளாஸ்டிக் உறை. உறையின் கீழே தட்டச்சு செய்த துண்டுக்காகிதம். 'இணைப்பு 3: தேனிலவு, மணாலி, பிப்ரவரி 2. இடமிருந்து வலம்: எல்சி (மனைவியின் தாய்), ஆண்டனி (கணவர்), கரோலின் (மனைவி), மனுவேல் (மனைவியின் தந்தை)'. முன்னால் பொருளடக்கம், பின்னால் உறுதிமொழி. பச்சை நாடா கட்டினார். எங்கள் கல்யாண ஆல்பத்தைவிட அழகாக இருந்தது.

கெடுவுக்கு முந்தின நாள் காலை, கடைசியாக நாலு படம் வாங்க மாமாவோடு நானும் கரோலினும் போனோம். அச்சடித்துக் கொடுக்கும் சுஷ்மா மராத்திப் பெண். மாமாவை இருபது வருடமாகத் தெரியும். படங்களை உறையில் போட்டுக்கொண்டே இந்தியில் அக்கறையாகக் கேட்டாள்.

"காகா, ஆப் சப் ஹாஸ்பிடல் மே தே க்யா?"

"ஹாஸ்பிடலா?" என்று சிரித்தார் மாமா.

"நஹீ, சப்கே ஹாத் மே பட்டா ஹை, இசலியே பூச்சா." நீங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா, எல்லார் கையிலும் பட்டை இருக்கிறதே. அதைத்தான் கேட்டாள். பிறகு ஒரு படத்தைத் திரையில் பெரிதாக்கி, "பந்த்ரா நவம்பர்" என்று தேதியையும் படித்துக் காட்டினாள். மிகத் தெளிவாக இருந்தது. நல்ல அச்சு.

மாமா கடைக்குள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். மணாலி. நவம்பர் பதினைந்து. ஜெய்சால்மர். நவம்பர் பதினைந்து. கோவா. வாகட் விருந்து. ஒரு படத்திலாவது ஒரு கையாவது மறைந்திருக்காதா என்று அறுபத்துநாலையும் புரட்டினார். எல்லாப் படத்திலும் கை தெரிந்தது. அவர் சொன்னபடியே.

வீடு திரும்பும்வரை ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றுபேரும் பேசாமல் வந்தோம். அந்தக் குடும்பத்தில் நான் அவ்வளவு வசதியாக உணர்ந்தது அன்றுதான்.

வீட்டில் அலன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். "டென்ஷன் மத் லோ, டாடி. பட்டை மட்டும் அழிச்சிடறேன். டூ மினிட்ஸ்." இரண்டு நிமிடம் கழித்து மணாலி படத்தில் பட்டை இல்லை. என் கையும் இல்லை. கரோலின் காற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதை அனுப்புனா அந்த ஆபீசர் சந்தோஷமா ரிஜெக்ட் பண்ணுவான்," என்றாள் அத்தை. "மாப்ளையே கிடையாதுன்னு ப்ரூஃப் ஆயிடும்."

"உனக்கு இது விளையாட்டா?"

"நான் அன்னைக்கே சொன்னேன். சோத்தைப் பறிச்சிட்டு நுழைய விட்டானே, அப்பவே திரும்பியிருக்கணும்."

"நாலுபேர் இருந்தீக," என்றார் மாமா. "ஒருத்தருக்குக்கூடவா கண்ணு தெரியல?"

கரோலின் எழுந்து பால்கனிக்குப் போனாள். நானும் போனேன். கீழே தெருவில் ஒருவன் தள்ளுவண்டியில் கொய்யா விற்றுக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க பாக்கலையா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த வாரம் எனக்குப் பழக்கமாகியிருந்தது.

"பாத்தேன்."

"எப்ப?"

"ரெண்டாவது செட்ல. பனி ரூம்ல."

"நான் முதல் செட்லயே பாத்துட்டேன்."

கொய்யாக்காரன் யாருக்கோ ஒரு பழத்தை நாலாக வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தான். அதை வாங்கியவர் தின்று முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

"நான் பாத்தது உனக்குத் தெரியுமா?"

"பெஞ்ச்ல உக்காந்திருந்தோமே, அப்ப தெரிஞ்சுது. உங்க முகத்தைப் பாத்தேனே. உங்களுக்குத் தெரியுதுன்னு தெரிஞ்சுது. இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாருன்னு அரைமணி நேரம் இருந்தேன்." இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கும் பேச வராது. அது நம்ம ரெண்டுபேருக்கும் ஒத்துப்போகுதுன்னு நெனச்சிருந்தேன். ஆனா வேண்டாம்னு சொல்றதுக்குப் பதிலாவும் நீங்க பேசாம இருப்பீங்களோன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு. உங்களுக்கு அங்க வர்றதுக்கு இஷ்டம் இருக்கா? ஆபீசருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்க."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அதிகாரி கடல்கடந்து உட்கார்ந்துகொண்டு காகிதத்தில் கேட்ட அதே கேள்வி. அவர் கேட்டபோது கோபம் வந்தது. இவள் கேட்டபோது கீழே கொய்யாவண்டியைப் பார்த்தேன்.

அவள் கொஞ்சநேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டு மேஜையில் கோப்பைத் திறந்து பச்சை நாடாவை அவிழ்த்தாள். உறைகளுக்குக் கீழே இருந்த துண்டுக்காகிதங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். மாமா பதறிப்போனார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததுன்னு எழுதி அனுப்பப்போறேன் டாடி. காரணத்தையும் எழுதப்போறேன்."

"ஆபீசர் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

மாமா யோசித்தார். தேவாலயத்தில்கூட அவர் அவ்வளவு நேரம் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை. பிறகு, "உண்மைன்னாலும் பொருளடக்கம் மாத்தணும்லா" என்று முனகிக்கொண்டே தட்டச்சு இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தார்.

கரோலின் லேப்டாப்பைத் திறந்தாள். விண்ணப்பத்தோடு கணவர் தரவேண்டிய அறிக்கை ஒன்று உண்டு. முதல்முறை நான் அதில் நாலு வரி எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி என் முகவரி. இந்தமுறை கேள்விகளைக் கடிதத்திலேயே கொடுத்திருந்தார்கள். அவள் ஒன்றை வாசித்தாள். "முக்கியமான விஷயங்களை நீங்கள் இருவரும் எப்படிப் பேசி முடிவெடுக்கிறீர்கள்? ஓர் உதாரணத்தோடு விளக்கவும்."

எதிர் நாற்காலியை எனக்காகக் காலால் தள்ளினாள். "நீங்க சொல்லுங்க. நான் டைப் பண்றேன். நாளைக்குக் காலைல அனுப்பணும்."

உட்கார்ந்தேன். சமையலறையில் அத்தை எதையோ தாளிப்பது கேட்டது. கரோலின் விரல்களை விசைப்பலகைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வார்டில் குழந்தை மூச்சுவிடுவதற்குக் காத்திருப்பதும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

"நாங்க பேசி முடிவெடுக்கிறதில்ல," என்றேன்.

டைப் அடித்தாள்.

"பட்டையைப் பாத்தும் நான் சொல்லல. கண்டுபிடிச்சு ரிஜெக்ட் பண்ணிட்டா அது என் தப்பு இல்லைன்னு ஆயிடும். வரமாட்டேன்னு நானா சொல்லவேண்டியதில்ல. வர்றேன்னும் சொல்லவேண்டியதில்ல." நிறுத்த நினைத்தேன். நிற்கவில்லை. "ஏப்ரல் மாசம் உன் வீட்டு ஜன்னலை ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தே. பனி கொட்டுதுன்னு. நான் பனியைப் பாக்கல. ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. நான் வந்தா எங்க உக்காருவேன்னு தெரியல. எனக்கு முப்பத்தாறு வயசு. கேம்ப்பைத் தாண்டி நான் எங்கயும் இருந்ததில்ல. அங்க எனக்கு வேலை கிடையாது, சட்டை வாங்கணும்னாகூட உன்னைக் கேக்கணும், நீ நைட் ஷிஃப்ட் போனா அந்த வீட்ல நான் யாருன்னு எனக்கே தெரியாது. ஆனா போன்ல நீ துணி மடிக்கிற சத்தம் நின்னுபோனா, லைன் கட்டாயிடுச்சோன்னு எழுந்து நிக்கிறேன். தினமும் நிக்கிறேன். அந்தப் படத்தை இதுவரைக்கும் எத்தனை தடவை பாத்திருப்பேன்னு..."

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க," என்றாள் கரோலின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் டைப் பண்ண வேண்டாமா?"